எட்டாங்கட்டை மேட்டுல ஒரு கை

மொதல் நாள் காலங்காத்தால கெர்பாவ் ரோட்டு முனையில சைக்கிள கொண்டாந்து நிறுத்துனேன். தெருவெளக்கு இன்னும் அணையல. நடைபாதையில ராக்காவலுக்கு இருக்கிற ஜகா கயித்துக் கட்டில்ல மூஞ்சிவரைக்கும் போத்திக்கிட்டு தூங்குறாரு. பூக்கடை பலகை மூடித்தான் கெடக்கு, ஆனா நேத்து மல்லிகை வாடை மட்டும் போகாம அங்கேயே நிக்குது. எனக்கு ஒரே குஷி. செம்பவாங் பக்கம் கப்பல் ரிப்பேர் பட்டறையில வேலை கெடைச்சிருக்கு! பன்னெண்டு கட்டை தூரம்! மைலுக்கு எங்காளுங்க கட்டைன்னுதான் சொல்லுவாங்க. போக பன்னெண்டு, வர பன்னெண்டு. வேற எவனாச்சும்னா அழுவான். நான் சைக்கிள் பைத்தியம் லா, எனக்கு அது திருவிழா.

ஐம்பத்தெட்டு கடைசி, மழை மாசம்.

அங்க ஏற்கனவே ஒரு கும்பல் நிக்குது. எல்லாம் அதே பட்டறை ஆளுங்க, சிராங்கூன் ரோட்ட சுத்தி குடியிருக்கிறவங்க. பீடி வாசனை, சோத்துக் கேரியர் சத்தம். தலைவரு மாதிரி ஒருத்தர் முன்னாடி நின்னாரு. வேலாயுதம் அண்ணன், வெல்டர். என் சைக்கிள மேலயும் கீழயும் பாத்தாரு.

"என்னடா தம்பி, சைக்கிளுக்கு எண்ணெ தேச்சு குளிப்பாட்டி கூட்டியாந்திருக்க? பொண்ணு பாக்கவா போறோம்?"

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

"பேரு?"

"சேதுபதிண்ணே. சேதுன்னு கூப்பிடுங்க."

"சேது, கேட்டுக்க. ரிசர்வாயர் தாண்டுனா எட்டாங்கட்டையில ஒரு மேடு. ரெண்டு பக்கமும் காடு. நல்ல நல்ல ஆளெல்லாம் அங்கதான் மூச்சு வாங்குவான். முடியலன்னா பெல்ல ரெண்டு தடவ அடி. பின்னாடி வர்றவன் ஒன் முதுகுல கை வெச்சு தள்ளுவான். நீ திரும்பிப் பாக்கக் கூடாது. தலை திரும்புனா ஹேண்டில் திரும்பும், ரெண்டு பேரும் விழுவீங்க. தேங்க்ஸ் எல்லாம் சொல்லாத. அடுத்த மேட்டுல நீ அவனுக்குக் கை குடு. கை வாங்குனா கை குடுக்கணும். அவ்ளோதான் நம்ம சட்டம்."

"சரிண்ணே. கடைசியா வர்றவனுக்கு யாருண்ணே கை வைப்பாங்க?"

சும்மாதான் கேட்டேன். சிரிச்சிட்டிருந்தவங்க எல்லாம் சட்டுனு சைக்கிள்ல ஏற ஆரம்பிச்சிட்டாங்க.

"நேரமாச்சு," அப்படின்னாரு வேலாயுதம் அண்ணன்.

என் கதைய சுருக்கமா சொல்லிடுறேன். அப்பா இல்ல. அம்மாவும் அக்காவும் அந்த வருசம் கப்பலேறி ஊருக்குப் போயிட்டாங்க. நான் வரமாட்டேன்னு அடம்புடிச்சேன். நான் பொறந்தது இங்க, கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரில. அந்த ஊர நான் பாத்ததே இல்ல, அங்க போயி என்ன பண்றது? அம்மா ஒரே ஒரு வார்த்தை சொன்னாங்க: "வேலை நெரந்தரமாச்சுன்னா இரு. இல்லன்னா அடுத்த கப்பல்ல வந்துரு." வேலை நெரந்தரமாக மூணு மாசம் ஆகும். அதுக்குள்ள மூணு தடவ லேட்டானா கேட்டோட அனுப்பிடுவாங்க. காலையில சங்கு ஊதுறதுக்குள்ள கேட்ல பலகையில தொங்குற நம்ம பித்தளை டோக்கன எடுத்துக்கிட்டு உள்ள போயிடணும். சங்கு ஊதுனப்புறமும் டோக்கன் பலகையிலயே தொங்கிட்டிருந்துச்சுன்னா லேட்டு.

நான் ரெண்டு தடவ லேட்டாயிட்டேன்.

பைத்தியம் இருந்தா மட்டும் காலு வருமா? கும்பல் போற போக்கு அப்படி. பாலஸ்டியர் வரைக்கும் ஒட்டிக்கிட்டு போவேன். தாம்சன் ரோட்டுல கொஞ்சம் பின்னாடி. ரிசர்வாயர் வந்தா அவங்க சத்தம் மட்டும்தான் கேக்கும். எட்டாங்கட்டைக்கு வந்தா அதுவும் கேக்காது. நானும் காடும். மரத்துல இருந்து தண்ணி சொட்டுற சத்தம். கொரங்கு தூக்கத்துல முனகுற சத்தம். என் டைனமோ வெளிச்சம் வேற, மெதுவா மிதிச்சா மங்கிப்போயிடும் பாருங்க, மேடு ஏற ஏற இருட்டு கிட்ட கிட்ட வரும்.

ரூம்லயும் நான் ஒண்டிதான். அதனால தனியா இருக்கிறது பழகிடுச்சுன்னு நெனச்சிட்டிருந்தேன். அந்த மேட்டுல இருக்கிற தனிமை வேற மாதிரி லா. நம்மள யாரோ மறந்துட்டுப் போன மாதிரி.

ரெண்டாவது தடவ லேட்டானதுக்கு மறுநாள். நல்ல மழை. மேட்டுல பாதியில காலு மரத்துப்போச்சு. எனக்குப் பின்னாடி யாரும் இல்லன்னு எனக்கு நல்லாத் தெரியும். இருந்தாலும் என்ன தோணுச்சோ, பெல்ல அடிச்சேன்.

ட்ரிங். ட்ரிங்.

மழை சத்தம் மட்டும்தான்.

அப்புறம் பின்னாடி எங்கயோ ஒரு சத்தம். டக்... டக்... டக்... லூஸான மட்கார்டு சக்கரம் சுத்துறப்ப அடிக்குமே, அது.

கிட்ட வந்துச்சு.

என் முதுகுக்கு நடுவுல ஒரு கை.

பெரிய கை. நனைஞ்ச கை. அஞ்சு வெரலையும் நல்லா விரிச்சு, அழுத்தி, ஒரே சீரா தள்ளுச்சு. அவசரமே இல்ல. பெப்பர்மிண்டு மிட்டாய் வாசனை லேசா வந்துச்சு. சைக்கிள் அப்படியே பூ மாதிரி ஏறுது! எனக்கு கண்ணுல தண்ணி. வேலாயுதம் அண்ணந்தான், எனக்காக நின்னு பின்தங்கி வந்திருக்காருன்னு நெனச்சேன். திரும்பிப் பாக்கல. தேங்க்ஸும் சொல்லல. சட்டம் அதுதானே.

மேட்டு உச்சியில கை போயிடுச்சு. நான் சங்குக்கு முன்னாடியே கேட்ல நின்னேன்.

மறுநாளும் வந்துச்சு. அதுக்கு மறுநாளும். பெல் அடிச்சா போதும், டக் டக், கை, பெப்பர்மிண்டு.

நான் பேச ஆரம்பிச்சேன். வாய் சும்மா இருக்காதுல்ல எனக்கு. "அண்ணே, நேத்து அம்மா கனவுல வந்தாங்கண்ணே." "அண்ணே, செயினுக்கு எந்த எண்ணெ போடுறீங்க?" "ரூம்ல ஒரு பல்லி இருக்குண்ணே, அதுகிட்டதான் தெனம் பேசுறேன்." பதிலே வராது. மேட்டுல மூச்சு வாங்குறவரு எப்படிப் பேசுவாருன்னு விட்டுட்டேன். பட்டறையில பாத்தா அண்ணன் ஒண்ணும் தெரியாத மாதிரி மொறைப்பா இருப்பாரு. பெரிய மனுசன்னா அப்படித்தான்னு நெனச்சேன். பன்னெண்டு கட்டையில அந்த ஒரு மேடுதான் எனக்குப் பிடிச்ச எடமாப் போச்சு.

மூணு மாசம் சனிக்கிழமையோட முடியுது. வியாழக்கிழமை சாப்பாட்டு நேரம். எல்லாரும் கேரியரத் தொறந்து வட்டமா ஒக்காந்திருக்கோம். எனக்கு மனசு கேக்கல.

"அண்ணே, நாளைக்கு நீங்க முன்னாடி போங்க. நான் ஒங்களுக்குக் கை வைக்கிறேன். இத்தன நாளா வாங்கிக்கிட்டே இருக்கேன், திருப்பிக் குடுக்கவே இல்ல."

வேலாயுதம் அண்ணன் சோத்துலேர்ந்து நிமிந்தாரு. "எனக்கா? நான் எப்பவும் முன்னாடிதானடா போறேன். ஒன்ன திரும்பிக்கூடப் பாத்ததில்லயே."

"வெளையாடாதீங்கண்ணே. எட்டாங்கட்டையில தெனம் என்ன தள்றது யாரு?"

"ஒம் பொண்டாட்டியா இருக்கும்," அப்படின்னான் ஒருத்தன். ரெண்டு பேரு சிரிச்சாங்க.

"இல்ல லா, நெசமா! பெரிய கை. மட்கார்டு டக் டக்னு அடிக்கும்..."

சிரிப்பு நின்னுடுச்சு.

"பெப்பர்மிண்டு வாசனை கூட..."

வேலாயுதம் அண்ணன் கேரியர மூடுனாரு. பாதி சோறு அப்படியே இருக்கு. எழுந்து கொழாய்க்குப் போயி ரொம்ப நேரம் கைய கழுவிக்கிட்டே நின்னாரு.

மத்தவங்களும் கேரியரத் தூக்கிக்கிட்டு கெளம்பிட்டாங்க. சாயங்காலம் திரும்பி வர்றப்ப, மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற நீ சூன் கிராமத்துல அப்துல் கையூம் பாய் டீக்கடையில நான் மட்டும் நின்னேன். கும்பல் தெனம் டீ குடிக்கிற கடை அது. பாய்க்கு எல்லாரையும் தெரியும். டீய ஆத்திக்கிட்டே என்ன பாக்காம சொன்னாரு.

"சுவிசேஷமுத்து. ரிக்கர், கப்பல்ல வடம் கட்டி சாமான் தூக்குற வேலை பாத்தவரு. வாயில எப்பவும் பெப்பர்மிண்டு, கோயிலுக்குப் போனாலும். மட்கார்ட இறுக்குங்கண்ணேன்னா, சத்தம் இருந்தாத்தான் முன்னாடி போறவனுக்கு தைரியம்பாரு. எப்பவும் கடைசியா வருவாரு, தானா கேட்டு. எல்லாருக்கும் கை வைப்பாரு. அவரு மட்டும் யார்கிட்டயும் கை வாங்குனதில்ல."

"ஏன் பாய்?"

"கடைசியா வர்றவருக்குப் பின்னாடி யாரு தம்பி இருக்கா?"

டீ கிளாஸ என் முன்னாடி வெச்சாரு.

"ஒரு நாள் இந்த மாதிரி மழை. எல்லாரும் வந்துட்டாங்க. அவருக்கும் சேத்து டீ சொன்னாங்க, ஆத்தி வெச்சேன். ஆறிப்போச்சு. சங்கு ஊதப்போகுதுன்னு அவங்க கெளம்பிட்டாங்க, பின்னாலயே வந்துருவாரு, எப்பவும் வர்றவருதானேன்னு. பத்து மணிக்கு லாரிக்காரன் வந்து சொன்னான். எட்டாங்கட்டை மேட்டுல, மரத்துல சாஞ்சு ஒக்காந்த மாதிரியே இருந்தாராம். மாரடைப்பு. கை பெல் மேல. எத்தன தடவ அடிச்சாரோ." பாய் துணிய எடுத்து மேசையத் தொடைச்சாரு, சுத்தமா இருந்த மேசைய. "நாலு வருசமாச்சு. அதுலேர்ந்து அவனுங்க கும்பல்ல யாரும் கடைசியா வர ஒத்துக்கிறதில்ல. புதுசா வர்றவந்தான் கடைசி."

டீய அப்படியே வெச்சிட்டு சைக்கிள எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை வயித்து வலின்னு எங்க மேஸ்திரி மண்டோர்கிட்ட சொல்லி அனுப்பிட்டு ரூம்லயே கெடந்தேன். பல்லி கூட வரல. சனிக்கிழமை போகலன்னா வேலையே போயிடும், கப்பல்தான். அந்த நேரத்துக்கு பஸ்ஸும் கெடையாது.

சனிக்கிழமை. வானம் பொத்துக்கிட்டு ஊத்துது.

வேலாயுதம் அண்ணன் கிட்ட வந்தாரு. மொறைப்பு இல்ல. "என் சக்கரத்துல ஒட்டிக்கிட்டே வா. என்ன ஆனாலும் பெல் மட்டும் அடிக்காத."

ஒட்டிக்கிட்டுதான் போனேன். தாம்சன் ரோடு முழுக்க ஆறு மாதிரி ஓடுது. ரிசர்வாயர் கிட்ட என் செயின் கழண்டுச்சு. கத்துனேன், மழையில யாருக்கும் கேக்கல. இருட்டுல தடவித் தடவி மாட்டி ஏறி ஒக்காந்தப்ப முன்னாடி ஒரு வெளிச்சமும் இல்ல.

எட்டாங்கட்டை.

பெல்லு மேல வெரல் படாம பாத்துக்கிட்டேன். பல்லக் கடிச்சுக்கிட்டு மிதிக்கிறேன். டைனமோ வெளிச்சம் மங்குது. காட்டுல ஒரு சத்தமும் இல்ல. கொரங்கு இல்ல, பூச்சி இல்ல.

டக்.

பின்னாடி.

டக்... டக்...

நான் கூப்பிடலையே! நான் அடிக்கலையே!

முதுகு கூசுது. இப்ப வைக்கும், இப்ப வைக்கும்னு தோள்பட்டைய சுருக்கிக்கிட்டேன். கை வரல. சத்தம் என் பக்கத்துல வந்துச்சு. வலது பக்கம், தொட்டுடுற தூரத்துல. தண்ணியில டயர் கிழிக்கிற சத்தம். பெப்பர்மிண்டு. என்ன தாண்டிப் போச்சு.

முன்னாடி போயி மெதுவாச்சு.

வெளிச்சத்துல ரோடு மட்டும்தான் தெரியுது. மழை குத்துற ரோடு. ஆனா ஒரு எடத்துல மட்டும் மழை ரோட்டுல விழல. ஒரு ஆளு அளவுக்கு.

ட்ரிங்.

ட்ரிங்.

முன்னாடியிலேர்ந்து.

எனக்குப் புரிஞ்சுபோச்சு. கை கேக்குறாரு.

ஓரமா ஒதுங்கி தாண்டிப் போயிடலாம். சங்குக்கு இன்னும் நேரம் இருக்கு, உயிர விட்டு மிதிச்சா கேட்ட புடிச்சிடலாம். தள்ளிக்கிட்டு ஏறுனா நிச்சயம் லேட்டு. மூணாவது லேட்டு. அம்மா மொகம் வந்துச்சு, கப்பல் வந்துச்சு, பாக்காத ஊரு வந்துச்சு.

ட்ரிங். ட்ரிங்.

ரொம்ப மெதுவா. கேக்க கூச்சப்படுற மாதிரி.

நான் இத்தன நாளு பேசுனதயெல்லாம் கேட்டுக்கிட்டே வந்தவரு. இந்தத் தீவுல வேற யாரு கேட்டா?

எடது கையால ஹேண்டில புடிச்சுக்கிட்டு வலது கைய நீட்டுனேன்.

துணி.

நனைஞ்ச காக்கித் துணி. அதுக்குக் கீழ முதுகெலும்பு, ஒவ்வொண்ணா தெரியுது. சூடே இல்ல. நான் கத்தல, கத்த மூச்சு இல்ல. தள்ளுனேன். அப்பாடி என்ன கனம்! ஒரு ஆளு கனம் இல்ல அது. அவரு அத்தன வருசம் தள்ளுன ஆளுங்க கனமெல்லாம் சேந்து ஒக்காந்திருந்த மாதிரி. காலு கிழியுது. நெஞ்சு அடிக்குது.

"போலாம்ணே," அப்படின்னேன். என் கொரல் எனக்கே கேக்கல. "நான் இருக்கேன் பின்னாடி."

உச்சி வந்துச்சு.

அப்பதான் பேசுனாரு. ஒரே ஒரு தடவ. காதுக்குள்ள இல்ல, முன்னாடியும் இல்ல. என் கை வழியா கேட்ட மாதிரி.

"ஒனக்குப் பின்னாடி யாருப்பா?"

நான் திரும்பிப் பாத்துட்டேன்.

இருட்டு. மழை. யாரும் இல்ல.

முன்னாடி திரும்புனா என் கை காத்துல நீட்டிக்கிட்டு இருக்கு. டக் டக் சத்தம் எறக்கத்துல வேகமா ஓடிப்போயி கரைஞ்சிடுச்சு. நான் கீழ விழுந்து கெடக்கேன்னு அப்புறந்தான் தெரிஞ்சுச்சு. முட்டியெல்லாம் ரத்தம்.

கேட்டுக்குப் போனப்ப சங்கு ஊதி எவ்வளவோ நேரம் ஆயிடுச்சு. டைம்கீப்பர் பாலகிருஷ்ணன் சார் கூண்டுக்குள்ள பேப்பர் படிச்சிக்கிட்டிருந்தாரு. நான் அழுதுக்கிட்டே போயி நின்னேன்.

"சார், மழை சார், செயின்..."

"டேய், நீ எப்ப வெளிய போன?"

"சார்?"

"மொத ஆளா வந்து டோக்கன எடுத்துட்டுப் போனியே. சொட்டச் சொட்ட நனைஞ்சு, குட்மார்னிங் கூட சொல்லாம. வாயில என்ன, பெப்பர்மிண்டா? மண்டோர் பாத்தா திட்டுவாரு, ஓடு உள்ள."

பலகையப் பாத்தேன். என் ஆணி காலி.

உள்ள என் வேலை மேசைக்கு மேல, ஆணியில என் டோக்கன் தொங்குது. தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கு. கீழ தரை நனைஞ்சு ஒரு குட்டி கொளம்.

வேலை நெரந்தரமாச்சு.

அம்மாவுக்கு சொல்லி அனுப்பிட்டேன். கும்பல்ல முதுகுல தட்டுனாங்க, பாய் கடையில டீ வாங்கிக் குடுத்தாங்க. அதுக்கப்புறம் மேட்டுல டக் டக் சத்தமே இல்ல. கையும் இல்ல. எனக்கு காலு நல்லா பழகிடுச்சு, ஆனா பாருங்க, என்ன வேகமா மிதிச்சாலும் எட்டாங்கட்டையில நான் கடைசியாத்தான் வர்றேன். எப்படின்னு தெரியல. முன்னாடி யாராச்சும் பெல் அடிச்சா போயி கை வைப்பேன். பொட்டலமா பெப்பர்மிண்டு வாங்கி வெச்சிருக்கேன். மேடு ஏற நல்லாத்தான் இருக்கு. எனக்குப் பின்னாடி யாரும் இல்ல.

இன்னிக்கி எனக்கு செம ஜுரம். எழுந்திரிக்கவே முடியல. நாள் பூரா கெர்பாவ் ரோட்டு மாடி ரூம்ல போர்வைக்குள்ள கெடந்தேன். சாயங்காலம் வேலாயுதம் அண்ணன் கஞ்சி வாங்கிட்டு வந்தாரு. கட்டில் ஓரமா ஒக்காந்தாரு. கஞ்சிய ஆத்துனாரு.

"காலையில நெஞ்சு ஒரு மாதிரி புடிச்சுக்கிச்சுடா," அப்படின்னாரு. "மேட்டுல. சட்டத்த மீறி தேங்க்ஸ் சொல்ல வந்தேன். நீ மட்டும் கை வைக்கலன்னா அங்கேயே விழுந்திருப்பேன். அப்புறம் பட்டறையில ஒன்ன காணல, ஒடம்பு முடியாம திரும்பிட்டன்னு நெனச்சேன்."

"அண்ணே, நான் இன்னிக்கி..."

"அந்த மட்கார்ட இறுக்குடா. டக் டக்னு பயமா இருக்கு."

அவரு கஞ்சிய வெச்சிட்டுப் போயிட்டாரு.

அவரு எறங்கிப் போற காலடி சத்தம் தெருவுல கரைஞ்சதும் போர்வையிலேர்ந்து என் வலது கைய எடுத்துப் பாத்தேன். உள்ளங்கை நனைஞ்சிருந்துச்சு. சொரசொரன்னு துணி அழுந்துன தடம், நூலு நூலா.

மாடிப்படிக்குக் கீழ என் சைக்கிள பூட்டித்தான் வெச்சிருக்கேன். சாவி என் தலையணைக்குக் கீழ. ஒடம்பு தூக்கிப் போடுது, இருந்தாலும் காத கூர்மையாக்கிக் கேக்குறேன்.

கீழேர்ந்து பெல் சத்தம்.

ட்ரிங். ட்ரிங்.

இப்ப கை குடுக்குறது யாரோட முறைன்னு எனக்குத் தெரியல.